சுரண்டினாலும் போகாத கொட்டலசு

2022ஆம் ஆண்டின் கடைசி வாரம். நியூசிலாந்தைச் சுற்றிக்கொண்டிருந்த ‘வைக்கிங் ஒராயன்’ என்ற உல்லாசக் கப்பலைக் கிறைஸ்ட்சர்ச் துறைமுகம் உள்ளே விடவில்லை. டனீடனிலும் அதே பதில். டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டும் கைவிரித்துவிட்டது. கடைசியில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகருக்கு வெளியே, கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நின்றது கப்பல். புயலோ இயந்திரக் கோளாறோ இதற்குக் காரணம் அல்ல. நீருக்குள் மூழ்கியிருந்த அதன் அடிப்பகுதியில், அந்நாடுகளின் கடலுக்குக் கேடு விளைவிக்கக்கூடிய உயிரினங்கள் ஒட்டியிருந்தன. முக்குளிப்பவர்கள் இறங்கி அடிப்பகுதியைத் துப்புரவு செய்தார்கள். புத்தாண்டைக் கடலிலேயே கொண்டாடிவிட்டு, ஜனவரி 2 அன்று பயணிகள் மெல்பர்ன் வந்து சேர்ந்தார்கள்.

கடலில் மிதக்கும் எதற்கும் இந்தத் தொல்லை உண்டு. பழவேற்காட்டு ஃபைபர் படகானாலும் சரி, மூன்று லட்சம் டன் எண்ணெய்க் கப்பலானாலும் சரி, நீருக்குள் நிற்கும் பரப்பில் ஏதாவது ஒன்று வந்து குடியேறும். எத்தனை நாள் விட்டுவைத்தோம் என்பதைப் பொறுத்து, அதை அகற்றத் துணி போதுமா, உளி வேண்டுமா, அமிலம் வேண்டுமா என்பது முடிவாகிறது.

புதிதாக வண்ணம் பூசிய படகைக் கடலில் இறக்கிய சில நிமிடங்களிலேயே வேலை தொடங்கிவிடுகிறது. நீரில் கரைந்திருக்கும் புரதங்களும் பிற கரிமப் பொருள்களும் பரப்பில் படிந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகின்றன. சில மணி நேரத்தில் அந்தப் படலத்தின் மேல் பாக்டீரியாக்கள் வந்து உட்கார்ந்து பசை சுரக்கின்றன. ஓரிரு நாளில் டயட்டம் எனப்படும் ஒற்றைச் செல் பாசிகள் சேர்கின்றன. விரலால் தொட்டால் வழுக்கும் பழுப்பு நிறக் கோழை இதுதான். இந்தக் கட்டத்தில் மென்மையான தூரிகையோ ஈரத்துணியோ போதும். இன்னும் சில வாரம் போனால் பச்சைப் பாசி இழை இழையாகத் தொங்கும். பிறகு சுண்ணாம்புக் குழாய் கட்டிக்கொள்ளும் புழுக்கள், ஆளிகள், கொட்டலசுகள் என்று ஓடுள்ள கூட்டம் வந்து சேரும்.

அந்தக் கூட்டத்தில் முரட்டு ஆசாமி கொட்டலசு. பார்னக்கிள் என்ற பெயரில் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். உச்சியைச் சீவிவிட்ட கூம்பு போன்ற வெள்ளை ஓடு; விளிம்பெல்லாம் கூர். துறைமுகத் தூண்களிலும் அலையடிக்கும் பாறைகளிலும் காலை வைத்துப் பாதத்தைக் கிழித்துக்கொண்டவர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பார்வைக்குச் சிப்பி, நத்தை வகை என்றே தோன்றும். அறிவியலாளர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். அயர்லாந்தின் கார்க் நகரில் பணியாற்றிய ராணுவ மருத்துவர் ஜான் வான் தாம்சன், இதன் குஞ்சுப் பருவத்தைக் கவனித்து, இது நண்டுக்கும் இறாலுக்கும் உறவு என்று 1830இல் வெளியிட்டார்.

சார்லஸ் டார்வின் கொட்டலசுகளோடு மல்லுக்கட்டியது எட்டு ஆண்டுகள். 1846இல் தொடங்கிய ஆய்வு 1851, 1854 ஆகிய ஆண்டுகளில் தடித்த நூல்களாக வெளிவந்தது. நடுவே அலுத்துப்போய், மெதுவாக ஊர்ந்து செல்லும் கப்பலின் மாலுமிகூடத் தன்னளவுக்குக் கொட்டலசை வெறுத்திருக்க மாட்டான் என்று உறவினர் ஒருவருக்கு எழுதினார். மாலுமிகளின் வெறுப்புக்குக் காரணம் என்ன என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

முட்டையிலிருந்து வெளிவரும் கொட்டலசுக் குஞ்சு நீரோட்டத்தோடு அலைந்து, நுண்பாசிகளைத் தின்று, ஆறு கட்டங்களாக வளர்கிறது. அடுத்து வருவது சைப்ரிட் என்ற விசித்திரமான பருவம். சைப்ரிட் அரை மில்லிமீட்டர் அளவே இருக்கும். அது எதையும் தின்பதில்லை. சேமித்த கொழுப்பு தீர்வதற்குள் வாழ்நாள் முழுக்கத் தங்குவதற்கான இடத்தைப் பிடித்தாக வேண்டும். எனவே கப்பலின் பரப்பில் இறங்கி, இரண்டு உணர்கொம்புகளையும் கால்களைப் போல மாற்றி மாற்றி ஊன்றி நடக்கிறது. ஊன்றும் இடத்திலெல்லாம் தற்காலிகப் பசையால் ஒரு தடம் விடுகிறது. சொரசொரப்பு எப்படி, நீரோட்டம் எப்படி, அக்கம்பக்கத்தில் தன் இனம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கிறது. பிடிக்காவிட்டால் நீந்திப் போய்விடும். பிடித்துவிட்டால் தலையைத் தரையில் பதித்து நிரந்தரப் பசையைச் சுரக்கிறது. அதற்குப் பிறகு அங்கிருந்து நகர்வதே இல்லை. தலைகீழாக நின்றபடி சுற்றிலும் சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொண்டு, இறகு போன்ற கால்களை வெளியே நீட்டி, நீரில் வரும் நுண்ணுயிர்களை வாய்க்குள் வாரிப் போட்டுக்கொள்கிறது.

மனிதர் செய்யும் பெரும்பாலான பசைகளுக்கு ஈரம் ஆகாது. கொட்டலசின் பசையோ பெரும்பாலும் புரதத்தால் ஆனது. உப்புநீருக்குள்ளேயே இறுகி, கரையாமல் நிற்கிறது. உள்ளே இருக்கும் உயிர் செத்தாலும் பிடி தளராது. ஓட்டை உடைத்து எடுத்துவிட்டாலும் கப்பலோடு ஒட்டிய அடித்தட்டு வட்டமாக அப்படியே நின்றுவிடும். அந்த வட்டத்தை விட்டுவைத்தால் அடுத்த தலைமுறைக்கு அது அழைப்பிதழ். நகர முடியாத உயிர் என்பதால், இணைசேர அக்கம்பக்கத்தில் இன்னொன்று இருந்தாக வேண்டும். தன் இனம் வாழ்ந்த தடயத்தை உணர்ந்தால் சைப்ரிட் அந்த இடத்தை விரும்பித் தேர்ந்தெடுக்கிறது. ‘போன வருஷம்தானே சுரண்டினோம், அதற்குள் அதே இடத்தில் மறுபடியும் வந்துவிட்டதே’ என்ற புலம்பலுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஓடிக்கொண்டே இருக்கும் கப்பலில் கொட்டலசு எளிதில் ஏறாது. வேகமாக வழியும் நீரில் சைப்ரிட்டால் கால் ஊன்ற முடியாது. ஆபத்து துறைமுகத்தில்தான். சரக்குக்காகக் காத்து நிற்கும் வாரங்களில், அதுவும் வெதுவெதுப்பான வெப்பமண்டலத் துறைமுகங்களில், குடியேற்றம் படுவேகமாக நடக்கிறது. தமிழகக் கடற்கரையின் கட்டுமரங்களுக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லாததன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. மீன்பிடித்துத் திரும்பியதும் கரையில் இழுத்துப் போட்டு, கட்டை அவிழ்த்துக் காயவிடுவது வழக்கம். வெயில் பட்ட மரத்தில் கடலுயிர் எதுவும் நிலைக்காது. துறைமுகத்தில் மாதக்கணக்கில் நீரிலேயே நிற்கும் விசைப்படகுக்கு அந்த வசதி கிடையாது.

சில மில்லிமீட்டர் உயரமுள்ள ஓடு, நூறு மீட்டருக்கும் மேல் நீளமான கப்பலை என்ன செய்துவிடும்? நீருக்கும் கப்பலுக்கும் இடையிலான உராய்வைக் கூட்டிவிடும். அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஷுல்ட்ஸ் 2007இல் ஒரு போர்க்கப்பல் வகைக்குக் கணக்கிட்டுப் பார்த்தார். 15 நாட் வேகத்தைத் தக்கவைக்க, தடித்த கோழை படிந்த கப்பலுக்கு 21 விழுக்காடு கூடுதல் ஆற்றல் தேவைப்பட்டது. ஓடுள்ள உயிர்கள் அடர்ந்து ஒட்டியிருந்தால் அது 86 விழுக்காடு. அவர் இடம்பெற்ற ஆய்வுக் குழு 2011இல் ‘ஆர்லி பர்க்’ வகைப் போர்க்கப்பல்களை எடுத்துக்கொண்டு, ஒட்டுயிர்களால் ஆகும் மொத்தச் செலவு ஆண்டுக்கு 5.6 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. இதில் பெரும்பங்கு எரிபொருளுக்கானது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு வெளியிட்ட இன்னொரு கணக்கு கோழையைப் பற்றியது: அரை மில்லிமீட்டர் கனத்தில் அடிப்பகுதியின் பாதிவரை படர்ந்தாலே பசுமைக்குடில் வாயு உமிழ்வு 25 முதல் 30 விழுக்காடு வரை கூடலாம்.

ஒட்டுவதைத் தடுக்கும் முயற்சி கப்பலளவுக்கே பழமையானது. சைப்ரஸ் தீவின் கைரீனியா அருகே கிடைத்த, கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வணிகக் கப்பலின் அடியில் ஈயத் தகடு போர்த்தப்பட்டிருந்தது. மரக்கப்பல்களுக்கு இன்னொரு எதிரியும் உண்டு. மரத்தைத் துளைத்து உள்ளே வாழும் கப்பல்புழு. கொலம்பஸின் நான்காம் பயணத்தில் மிச்சமிருந்த கப்பல்களைத் துளைத்துச் சல்லடையாக்கி, 1503இல் அவரை ஜமைக்காவில் கரையொதுங்க வைத்தது இந்தப் புழுதான்.

இரண்டுக்கும் சேர்த்து மருந்து தேடிய பிரிட்டிஷ் கடற்படை, 1761இல் ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடியில் செப்புத் தகடு அடித்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. திரும்பி வந்த கப்பலை 1763இல் பிரித்துப் பார்த்தார்கள். புழு அரிக்கவில்லை, பாசியும் கொட்டலசும் இல்லை. ஆனால் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் உளுத்துப் போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் தப்பித்திருந்தன. உற்றுப் பார்த்தபோது, அங்கெல்லாம் செம்புக்கும் இரும்புக்கும் நடுவே பழுப்புக் காகிதம் சிக்கியிருந்தது தெரிந்தது. தகடுகளைச் சுற்றி வந்த பொதிதாளை யாரோ உரிக்காமல் அப்படியே அடித்திருக்கிறார்கள். இரண்டு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் ஒன்று மற்றொன்றுக்காக அரிபடும் என்ற மின்வேதியியல் பாடம், அதற்கு விளக்கம் கிடைப்பதற்குப் பல பத்தாண்டு முன்பே ஒரு துண்டுக் காகிதத்தில் காட்சி தந்துவிட்டது. பின்னர் செப்புக் கலவை ஆணிகளுக்கு மாறி, கடற்படை முழுவதும் செம்பு போர்த்தியது.

அடுத்த பாடம் ஹம்ஃப்ரி டேவியுடையது. செம்பு கடல்நீரில் மெல்லக் கரைந்து வீணாகிறதே என்று கடற்படை அவரிடம் கேட்டது. 1824இல் அவர் வழி சொன்னார்: செம்போடு இரும்பு அல்லது துத்தநாகத் துண்டுகளை இணைத்துவிடுங்கள், அவை அரிபட்டுச் செம்பைக் காக்கும். சொன்னபடியே நடந்தது. செம்பு கரையவில்லை. ஆனால் அதுவரை பளிச்சென்று இருந்த அடிப்பகுதியில் பாசியும் கொட்டலசும் மொய்த்துக்கொண்டன. கரைந்து வெளியேறும் செம்புதான் இத்தனை காலம் குஞ்சுகளைக் கொன்றுகொண்டிருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. செம்பைக் காப்பாற்றினால் கப்பல் அசுத்தமாகும். கப்பலைக் காப்பாற்றினால் செம்பு கரையும். டேவியின் முறை தோற்றுப்போனதாக அன்று கருதப்பட்டாலும், இன்றைய இரும்புக் கப்பல்களின் அடியில் வரிசையாகப் பொருத்தப்படும் துத்தநாகக் கட்டைகள் அவருடைய யோசனையின் வாரிசுகள்தான்.

இரும்புக் கப்பல்கள் வந்த பிறகு செப்புத் தகட்டை நேரடியாக அடிக்க வழியில்லாமல் போனது. நஞ்சைப் பெயிண்டில் கலந்தார்கள். செப்பு ஆக்சைடு கலந்த சிவப்புப் பூச்சு அப்படி வந்ததுதான். 1960களில் அதைவிடப் பல மடங்கு வீரியமான டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மம் பரவியது. கப்பல் முதலாளிகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஒருமுறை பூசினால் ஆண்டுக்கணக்கில் தாங்கியது.

விலை கொடுத்தது வேறு ஆட்கள். பிரான்சின் ஆர்காஷோன் விரிகுடா, ஆளிச்சிப்பி வளர்ப்புக்குப் பேர்போன இடம். உல்லாசப் படகுகளும் அங்கே ஏராளம். 1970களின் பிற்பகுதியில் சிப்பிக் குஞ்சுகள் பிழைக்கவில்லை. வளர்ந்த சிப்பிகளின் ஓடும் கோணல்மாணலாகத் தடித்தது. பழி படகுப் பூச்சின் மேல் விழுந்தது. 1982இல் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் இந்தப் பூச்சைப் பிரான்ஸ் தடை செய்தது. 1987இல் பிரிட்டனும் தொடர்ந்தது. இங்கிலாந்துக் கரையோரக் கடல் நத்தைகளில், ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவிலேயே, பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது தெரியவந்தது. 2001இல் கையெழுத்தான பன்னாட்டு ஒப்பந்தம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்து, உலகம் முழுவதும் அந்தப் பூச்சுக்கு முடிவு கட்டியது.

இன்றைய சந்தையில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று பழைய செம்புதான், புது வடிவில்: கப்பல் ஓட ஓடப் பூச்சின் மேல்தோல் சீராகக் கரைந்து, புதிய நஞ்சடுக்கு வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். மற்றொன்று நஞ்சே இல்லாத சிலிக்கோன் பூச்சு. அதில் கொட்டலசு ஒட்டும். ஆனால் பிடி வலுவாக இருக்காது. கப்பல் வேகமெடுத்தால் நீரே அடித்துக்கொண்டு போய்விடும். அடிக்கடி ஓடாத, மெதுவாக ஓடும் படகுக்கு இது பயன் தருவதில்லை. பூச்சு எதுவானாலும் ஒருநாள் தேயும். சுரண்டும் வேலை அன்று ஆரம்பமாகும்.

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் அந்த வேலைக்கென்றே ஒரு பருவம் அமைந்துவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காகக் கொண்டுவந்த விதி. படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்கவும் அதுவே வாய்ப்பு. அடிப்பகுதியைச் சுரண்டி, இடுக்கடைத்து, புது வண்ணம் அடித்து இறக்குகிறார்கள்.

அனுபவமுள்ள கை முதலில் பார்ப்பது நேரத்தை. படகு கரையேறிய உடனே, ஈரம் காயுமுன் சுரண்டத் தொடங்க வேண்டும். ஈரமாக இருக்கும்வரை பாசியும் கோழையும் தண்ணீர்ப் பீய்ச்சலுக்கே வழிந்து போகும். ஒருநாள் வெயிலில் காய்ந்துவிட்டால் அதே கோழை, அடிப்பிடித்த சோற்றுப் பானையைப் போலப் பிடிவாதம் பிடிக்கும். அகலமான சுரண்டியைப் பரப்போடு பரப்பாகச் சாய்த்துப் பிடித்து, கொட்டலசின் அடிக்குள் செருகித் தள்ள வேண்டும். செங்குத்தாகக் குத்தினால் ஓடு உடையும். கூடவே ஃபைபரின் மேல்பூச்சும் பெயரும். ஃபைபர் படகுக்கு மரம் அல்லது பிளாஸ்டிக் சுரண்டி நல்லது. கம்பி பிரஷ் போட்டால் கீறல் விழும். அடுத்த ஆண்டு சைப்ரிட் கால் ஊன்ற அந்தக் கீறல்களே வசதியாகிவிடும்.

சுரண்டி முடித்த பிறகும் வெள்ளை வட்டங்கள் மிஞ்சும். முன்பு சொன்ன அடித்தட்டுகள் இவைதான். கால்சியம் கார்பனேட் என்பதால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதும் நுரைத்துக் கரையும். அந்த நுரை கார்பன் டை ஆக்சைடு. இங்கே சில எச்சரிக்கைகள் தவிர்க்க முடியாதவை. எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை அல்ல. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிளீச்சிங் பவுடர் கரைசலோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். அலுமினியப் படகில் இந்த அமிலமே ஆகாது, உலோகத்தைத் தின்றுவிடும். துத்தநாகக் கட்டைகளையும் அது விட்டுவைக்காது. நுரை அடங்கியதும் நிறைய நன்னீர் விட்டு அலச வேண்டும்.

நீர்மட்டக் கோட்டில் படியும் மஞ்சள்பழுப்புக் கறைக்கு மருந்து வேறு. அதற்கு ஆக்ஸாலிக் அமிலம். இரும்புக் கறையை அது கரைத்து எடுத்துவிடும். அதையே கொட்டலசு வட்டத்தின் மேல் தேய்த்தால் வேலைக்காகாது. சுண்ணாம்போடு சேர்ந்து, கரையாத கால்சியம் ஆக்ஸலேட்டாகிப் படிந்துவிடும். ‘ஆசிட் போட்டும் போகவில்லை’ என்று சொல்பவர்கள் எந்த ஆசிட் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. கடைசி வேலை உப்புத்தாள். பழைய பூச்சில் செம்பு இருக்கும் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பக்கூடாது. தண்ணீர் விட்டு, முகமூடி அணிந்து தேய்க்க வேண்டும். புது வண்ணம் அடிக்கும்போது துத்தநாகக் கட்டைகளின் மேல் மட்டும் தூரிகை படக்கூடாது. பெயிண்ட் மூடினால் அவை வேலை செய்யாது.

பெரிய கப்பல்களை இப்படி நினைத்தபோதெல்லாம் கரையேற்ற முடியாது. உலர்துறைக்குள் நுழைவதே சில ஆண்டுக்கு ஒருமுறைதான். உள்ளே வந்ததும் உயர் அழுத்த நீர்ப் பீய்ச்சிகள் வேலையைத் தொடங்கும். பழைய பூச்சை உலோகம் தெரியும்வரை உரிக்க வேண்டுமென்றால் 1,700 பாருக்கும் மேற்பட்ட அழுத்தம் தேவை. அப்போதும் ஓரிடம் தப்பிவிடும். கப்பலைத் தாங்கி நிற்கும் கட்டைகள் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதியைச் சுத்தம் செய்யவோ வண்ணம் பூசவோ முடியாது. கப்பல் மீண்டும் கடலுக்குப் போன பிறகு, கட்டை இருந்த சதுரங்களில் வளர்ச்சி முதலில் தொடங்கும். சுக்கான் இடுக்கு, குளிர்நீர் உறிஞ்சும் குழிகள், புரொப்பெல்லர் தண்டு ஆகியவையும் இப்படியான மறைவிடங்களே.

இரண்டு உலர்துறைப் பயணங்களுக்கு நடுவே நீருக்குள்ளேயே சுத்தம் செய்கிறார்கள். முக்குளிப்பவர்கள் சுழலும் தூரிகைகள் பொருத்திய வண்டியைக் கப்பலின் வயிற்றோடு ஓட்டிச் செல்வார்கள். கண்ணுக்கு எதிரே ஒரு முழம்கூடத் தெரியாத கலங்கல் நீரில், மேலே பல ஆயிரம் டன் இரும்பு நிற்க, தடவித் தடவிச் செய்யும் ஆபத்தான வேலை இது. அதனால் எந்திரங்கள் வந்துகொண்டிருக்கின்றன. நார்வேயின் யோட்டுன் நிறுவனம் 2020இல் அறிமுகப்படுத்திய ‘ஹல்ஸ்கேட்டர்’ காந்தச் சக்கரங்களால் கப்பலைப் பற்றிக்கொண்டு ஊர்கிறது. கொட்டலசை உடைப்பதற்காக அது செய்யப்படவில்லை. கோழைக் கட்டத்திலேயே அடிக்கடி, மென்மையாகத் துடைத்துவிட்டால் கொட்டலசுக்கு இடமே கிடைக்காது, பூச்சும் தேயாது.

சுரண்டியதெல்லாம் எங்கே போகிறது என்ற கேள்வி இன்னும் பெரியது. டார்வினின் பெயரைத் தாங்கிய ஆஸ்திரேலிய நகரத்தில் 1999 மார்ச்சில், கரீபியப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட கருங்கோட்டு ஆளி ஒன்று படகுத்துறையில் கண்டுபிடிக்கப்பட்டது. சதுர மீட்டருக்கு 20,000க்கும் மேல் அடர்ந்திருந்தது. மூன்று படகுத்துறைகளை அடைத்து, குளோரினும் செப்பு சல்ஃபேட்டும் கொட்டி அடியோடு அழித்தார்கள். அதே இனம் விசாகப்பட்டினத் துறைமுகத்துக்கு 1967லேயே வந்துவிட்டது. அங்கிருந்து அதை அகற்ற முடியவில்லை. சென்னைக்கு அருகே எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று அழைக்கும் தென்னமெரிக்க ஆளி, கழிமுகத் தரையைப் போர்வையாக மூடி, மஞ்சள் மட்டிக்கும் இறாலுக்கும் இடமில்லாமல் செய்துவருகிறது. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிச் செல்லும் நிலைப்பு நீரிலோ, அவற்றின் அடிப்பகுதியில் ஒட்டியோ வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அந்நியக் கொட்டலசைத் துறைமுகத்துக்குள் சுரண்டி உதறினால், அதன் முட்டைகளையும் செம்பு கலந்த பூச்சுத் துகளையும் சேர்த்து விதைப்பதாகிவிடும். சுரண்டும் தூரிகையைச் சுற்றி உறிஞ்சுகுழாய் வைத்து, கழிவை மேலே இழுத்து வடிகட்டும் கருவிகள் இதற்காகவே வந்திருக்கின்றன.

2018இல் வெளிநாட்டுக் கப்பல்களின் அடிப்பகுதிக்கு நாடு தழுவிய விதி கொண்டுவந்த முதல் நாடு நியூசிலாந்து. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் 2011 வழிகாட்டுதல் 2023இல் திருத்தப்பட்டது. அதுவும் விருப்பத்தின் பேரில் பின்பற்றுவதுதான். அதைச் சட்டமாக்கும் வேலையைத் தொடங்க 2025 ஏப்ரலில் உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டன. அதற்குள் துறைமுகங்களுக்கிடையே ஒரு முரண்பாடு முற்றியிருக்கிறது. அழுக்குக் கப்பலை உள்ளே விடமாட்டோம் என்கிறார்கள். எங்கள் நீரில் சுத்தம் செய்யவும் விடமாட்டோம் என்கிறார்கள். எந்தத் துறைமுகத்தில், யார், எந்தக் கருவியால் சுத்தம் செய்தார்கள் என்று குறிக்க ஒட்டுயிர்ப் பதிவேடு ஒன்றை வைத்திருக்கும்படி வழிகாட்டுதல் ஏற்கெனவே சொல்கிறது. சட்டம் வந்தால், இன்று பல கப்பல்களில் வெற்றுத் தாளாக இருக்கும் அந்தப் பதிவேட்டைத் துறைமுக அதிகாரிகள் முதலில் கேட்பார்கள்.